ஜெய்னம்பு அக்காவின் ஜேடு செடி

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கூடத்தில் ஜெய்னம்பு அக்காவுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம். வெடித்த காய், கறுத்த காய், பொக்குக் காய் எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிய மூட்டையில் துளி ஈரம் இருந்தாலும், கையை விட்டதுமே சொல்லிவிடுவாள். "இது பூசணம் பூத்துரும் காளீஸு, ஓரமா வையி" என்பாள் என்னிடம். அப்படிப்பட்டவள் கையாலேயே ஒரு செடி அழுகிச் செத்தது என்றால் யார் நம்புவார்கள்? நான் பக்கத்து வீட்டுக்காரி, கண்ணால் பார்த்தவள்.

அது அவள் மகள் பைரோஸ் வளர்த்த ஜேடு செடி. தடித்த இலை, தொட்டால் குழந்தையின் காது மடல் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கிருந்தோ ஒரு கிளையை ஒடித்து வந்து மொட்டைமாடியில் தட்டையான தொட்டியில் நட்டாள். நுனியைக் கிள்ளுவாள், கம்பி சுற்றி வளைப்பாள், வேண்டாத கிளையை வெட்டுவாள். கல்லூரி முடிப்பதற்குள் முழ உயரத்தில் ஒரு கிழட்டு மரமே நின்றது. போன்சாய் என்றாள்.

"வளர்ற செடிய இப்படிக் குள்ளமாக்கி வச்சிருக்கியே, பாவமில்லையாடி?" என்று வம்பிழுப்பேன்.

"நீங்களும்தான் குள்ளம். நல்லாத்தான இருக்கீங்க சித்தி?" என்று திருப்பிக் கொடுப்பாள். அம்மாவையும் விட மாட்டாள். "செம்போட இங்கிட்டு வராதம்மா. மண்ணு நல்லாக் காஞ்சாத்தான் இதுக்குத் தண்ணி."

போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மதுரை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை.

இந்தப் பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் ஹபீப் ரஹ்மான் அண்ணன் மட்டும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் மகளின் கபர்மேல் ஊற்றிவிட்டு வருவார். தலைமாட்டில் நட்ட செடி பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் செருப்பைக் கழற்றும்போதே அக்கா கேட்பாள்: "ஊத்துனீகளா? செடி பச்சையா இருக்கா?"

கேட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு மாடி ஏறுவாள். மகளுக்கென்று அவளால் ஊற்ற முடிந்த இடம் அந்தத் தொட்டி ஒன்றுதான். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் ஊற்றினாள், பிறகு தினமும். பெற்றவளை யார் போய்த் தடுப்பது?

தை மாதத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு சேர்த்து ஊற்றியிருக்கிறாள். ஒரு நாள் மாடியிலிருந்து "காளீஸு, வெரசா வா" என்று கத்தினாள். ஓடிப்போய் அடிமரத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது, குப்பென்று அழுகல் வாடை. கம்பி சுற்றிய இடமெல்லாம் கறுத்திருந்தது. உச்சியில் ஒரு கிளை மட்டும் கெட்டியாக இருந்தது.

"அதையாச்சும் வெட்டி எடுக்கணும்க்கா. இல்லேன்னா அதுக்கும் ஏறிரும்."

"அவ வளைச்ச மரம்டி. எப்படிடி வெட்டுவேன்?"

மகளின் சின்னக் கத்தரியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வெட்டியது அவள். வெட்டிய இடம் வெள்ளையாக இருக்கிறதா என்று கூடத்தில் காய் பார்ப்பதுபோல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீதி மரத்தைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கம்பியை மட்டும் பிரித்தெடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கிளையை நிழலில் காயப்போட்டு, வெட்டுவாய் ஆறியபின் காய்ந்த மணலில் நட்டோம். "வேர் பிடிக்கிற வரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுக்கா" என்று கறாராகச் சொன்னேன். தலையாட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் காலிப் பாட்டிலோடு வந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டாள், மாடி ஏறினாள். இறங்கி வரக் காணோம். மறுபடி ஊற்றிவிடுவாளோ என்று பின்னாலேயே போனேன். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் நிறைசெம்பு.

"ஊத்தல காளீஸு, பயப்படாத" என்றாள். "ஆனா இதுக்கும் ஊத்தக் கூடாதுன்னா, நான் எம் புள்ளைக்கு என்னத்தடி செய்யிறது?"

செம்பை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.