ஜெனி கேட்ட பேர்

புஜ்ஜிம்மா,

இன்று அம்பத்தூர் பஸ்ஸில் ஜெனியைப் பார்த்தேன். உன்னோடு ஜோடி சேர்ந்து பேட்மின்டன் ஆடிய அதே ஜெனிதான். நீ வண்டியில் அடிபட்டு இறந்துபோன பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

பேட் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இப்போ வேற பொண்ணோட ஆடிக்கினு கீறேன்."

"ஆடுடி. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

"தோத்துக்கினே கீறோம் ஆன்ட்டி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஷட்டில் வந்தா, என் வாய் 'புஜ்ஜி, எடு'ன்னு கத்திடுது. அவ யாரையோ கூப்புடறேன்னு நின்னுடறா. இந்தத் தபா தோத்தா, ஊட்ல ஆட்டத்தையே நிறுத்திட்டு கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவளையும் புஜ்ஜின்னே கூப்புட்டுக்கவா ஆன்ட்டி? அவ சரின்னுட்டா. நீங்க வேணான்னா வேணாம்."

அது நான் உனக்கு வீட்டில் வைத்த பேர்.

"கூப்புட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, நம் ஸ்டாப் கள்ளிக்குப்பம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. நாளைக்கு ஜெனி கத்தினால் ஒருத்தி ஓடி வருவாள்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு, எனக்குப் பெரிய மனசு என்று யாரும் கீழே எழுத வேண்டாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி நான் உன்னை என்னவென்று கூப்பிடட்டும்?