எலிக்கு லைட்டு, எங்க வீட்டுக்காரருக்குக் கரண்டு

எங்க வீட்டுக்காரர் திண்டிவனத்துல சீரியல் செட்டு கட்டுறவர். கல்யாணமோ தேரோ, வாசல்ல ஓடுற லைட்டு அவர் கை பட்டதாத்தான் இருக்கும். ஒரு பங்குனி மாசம் மயிலம் முருகன் கோயில் மலைப்படி ஏறும்போது நெஞ்சு கண்டபடி அடிச்சிக்கினு அப்படியே உட்கார்ந்துட்டார். விழுப்புரத்துல டாக்டர் பார்த்துட்டு, இதயம் தாளம் தப்பி ஓடுது, மாத்திரை குடுக்கிறேன், அதுக்கும் அடங்கலைன்னா கரண்டு வச்சு சரி பண்ணிடலாம்னார். அப்படியே விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும், கை கால் விழுந்துடும்னும் சொன்னார்.

மாத்திரைக்கு அடங்கல. கரண்டுக்கு இவர் அடங்கல.

"ஆயுசு பூரா கரண்டுகிட்ட தப்பிச்சிக்கினு வர்றேன். இப்ப நானே போய்ப் படுத்துக்கினு வாங்கணுமா?"

எங்க ஒரே பொண்ணு பெங்களூர்ல ஆராய்ச்சி வேலை பார்க்குது. இந்தத் தாளம் தப்புற இதயத்தைப் பத்தியேதான் ஆராய்ச்சி. அப்பாவுக்குத் தைரியம் சொல்லத்தான் லீவு போட்டுக்கினு வந்துச்சு. வந்த இடத்துல தன் வேலையைப் பத்திச் சொல்லிடுச்சு.

"தண்ணியில வளர்ற பாசிக்கு வெளிச்சம் தெரியும்பா. அந்தக் குணத்தை எடுத்து எலியோட இதயத்துல வச்சிடுவோம். அப்புறம் நீல லைட்டு அடிச்சா, நாம சொல்றபடி துடிக்கும். எங்க தாளம் தப்புது, எப்படித் திரும்ப வருதுன்னு பார்ப்போம்."

"வலிக்குமா?"

"லைட்டுதானே. வலிக்காது."

"எனக்கு எப்ப?"

"மனுஷங்களுக்கு இன்னும் வரலப்பா. எலி வரைக்கும்தான் வந்திருக்கு."

"எலிக்கு லைட்டு. பெத்தவனுக்குக் கரண்டு. நல்லா படிக்க வச்சேன்" என்றார்.

அன்னியிலிருந்து வீட்டுல எலிப்பொறி வைக்க விடல. "அதுங்க நமக்கு முன்னாடி வைத்தியம் பார்த்துக்கினு இருக்குதுங்க, மரியாதையா இரு" என்பார். எலி கடிச்சு மல்லாட்டை மூட்டை ஓட்டையாச்சு, வேர்க்கடலை வீடு பூரா சிதறிச்சு. நான் தெருமுனைப் பிள்ளையார்கிட்ட போய், "உன் வாகனத்துக்குக் கிடைச்சது எங்க வீட்டுக்காரருக்கும் கிடைக்கக் கூடாதாப்பா"ன்னு கேட்டேன். வேற யாருகிட்ட கேட்கிறது?

ஒரு சாயந்திரம் பார்த்தா, கூடத்துல படுத்துக்கினு நெஞ்சு மேல நீல சீரியல் பல்பைச் சுத்திப் போட்டு ஓட விட்டுக்கினு இருக்கார். கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா, ஏதோ வேண்டுதல்னு நெனைச்சு கன்னத்துல போட்டுக்கினாங்க. அடுத்த நாள் சூடத்தோட வந்தாங்க.

பொண்ணு பல்பையெல்லாம் கழட்டிச்சு. "உன் இதயத்துக்கு வெளிச்சம் தெரியாதுப்பா. ஹோல்டரே இல்லாத இடத்துல பல்பு மாட்டுறே."

"ஹோல்டர் வையேன்."

அது செல்போன்ல ஒரு வீடியோ காட்டிச்சு. ஆராய்ச்சிக்கூடத்துல தட்டுல வளர்த்த எலி இதயத்துணுக்கு ஒண்ணு. அதுல துடிப்பு நேரா போகாம ஒரே இடத்துல சுழல் மாதிரி சுத்திக்கினு இருந்துச்சு. தட்டு முழுக்க நீல லைட்டு அடிச்சாங்க. எல்லாம் நின்னுச்சு. லைட்டு அணைஞ்சதும் ஒண்ணா, சீரா துடிக்க ஆரம்பிச்சுது.

"மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்க" என்றார்.

"ஆமாம்பா. டாக்டர் கரண்டுல பண்றதும் அதேதான். வலிக்காம பண்ணத்தான் நாங்க லைட்டை வச்சுப் பார்க்கிறோம். அது வர்ற வரைக்கும் நீ இருக்கணும் இல்ல" என்று சொல்லிக்கினே அவர் நெஞ்சு மேல கையை வச்சுது.

"சரி போலாம். ஆனா ரப்பர் செருப்பைக் கழட்ட மாட்டேன்."

விழுப்புரத்துல டாக்டர் சிரிச்சிக்கினே, "போட்டுக்கினே படுங்க" என்றார். மயக்க ஊசி போட்டு உள்ளே தள்ளிக்கினு போனாங்க. நான் வெளியே சுவரைப் பார்த்துக்கினு கந்தனைக் கூப்பிட்டுக்கினு இருந்தேன்.

கண்ணு முழிச்சதும், "எப்ப குடுக்கப் போறீங்க?" என்றார்.

"குடுத்தாச்சுங்க" என்றாங்க நர்ஸம்மா.

"பொய்யி. கரண்டு பாய்ஞ்சா எனக்குத் தெரியாதா? லைன் வந்துதான்னு முதல்ல டெஸ்டர் வச்சுப் பாருங்க."

நர்ஸம்மா பொண்ணைப் பார்த்தாங்க, பொண்ணு என்னைப் பார்த்துச்சு. நான் அவர் மணிக்கட்டைப் பிடிச்சிக்கினு ஒவ்வொரு துடிப்புக்கும் முருகான்னு சொல்லிப் பார்த்தேன். ஒண்ணு கூடத் தப்பல. கையை விட மனசு வரல. அவர் இன்னும் நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தார்.