யாளி முகத்து ‘னை’

நான் தேதி குறிக்காமல் விட்ட நிகழ்ச்சிகள் குறைவு. இது அவற்றில் ஒன்று. எழுபதுகளின் நடுப்பகுதி, கார்த்திகை மழை விட்டிருந்த நேரம் என்பது மட்டும் உறுதி. கிழக்குத் தாம்பரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இசைப் பத்திரிகை தொடங்கினோம். பத்திரிகைக்கு ஆசிரியர், உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாலையில் பஜனைக்கு மிருதங்கம் வாசிப்பவர். பக்கங்களை வடிவமைக்க அதே பள்ளியின் ஓவிய டீச்சர், சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர். பஜனைக்காரர்களும் பாடகர் குழுவும் ஒரே பத்திரிகையைப் படிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் பெரிய ஆசை.

பெயர் தேடக் கூடினோம். சொன்ன பெயரையெல்லாம் அவர் தொடையில் தட்டிப் பார்த்தார். ஆதி தாளத்தில் உட்காராத பெயர் தள்ளுபடி. கடைசியில் அவர் சொன்ன பெயரே உட்கார்ந்தது: ‘நாத வந்தனை’. அதை இந்தியன் இங்க்கில் எழுதியும் வைத்திருந்தார். அன்றைய ‘னை’ முன்னால் தனிக் கொம்போடு நிற்காது. எழுத்தின் மேல் தும்பிக்கைபோல் வளைந்து ஒட்டியிருக்கும். அந்த வளைவை வீணையின் யாளி முகமாக்கியிருந்தார். எல்லோரும் கைதட்டினோம், டீச்சரைத் தவிர.

“என்ன டீச்சர், பிடிக்கலையா?” என்றார் ஆசிரியர்.

“எழுத்து அழகு சார். ஆனா எங்க சர்ச் பெரியவங்க இதைப் பூஜைப் புஸ்தகம்னுதான் நினைப்பாங்க. என் பசங்க சர்ச் வாசல்ல நின்னு எப்படிக் குடுப்பாங்க?”

“வேற பேரு?”

“சேர்ந்திசை.”

ஆசிரியர் தட்டிப் பார்த்தார். “தாளத்துல நிக்க மாட்டேங்குதே!”

“நிக்க வேணாம் சார். படிச்சாப் போதும்.”

சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. முடிவை ரயில் நிலையத்திடம் விட்டோம்: கடையில் தொங்கும்போது எது தூரத்திலிருந்து தெரிகிறதோ அதுவே பெயர். டீச்சர் தான் சொன்ன பெயரைப் பட்டை நிப்பால் தடித்த எழுத்தில் எழுதித் தந்தார். நிலையத்துப் புத்தகக் கடைக்காரர் இரண்டு தாள்களையும் வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். நாங்கள் எதிர் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தோம். ‘சேர்ந்திசை’ பளிச்சென்று தெரிந்தது. மற்றதில் ஒரு விலங்கின் முகம் மட்டும். பீச் ஸ்டேஷன் போகும் வண்டிக்கு நின்ற ஒருவர் நாங்கள் அதையே பார்ப்பதைக் கண்டு அருகில் வந்தார்.

“அந்த யானை படம் போட்டுகீதே, சர்க்கஸ் எங்க சார் நடக்குது?”

ஆசிரியர் டீச்சர் பக்கம் திரும்பினார். “உங்க எழுத்தே இருக்கட்டும் டீச்சர். உங்க பசங்க கையில ஏறலேன்னா எனக்கு எதுக்குப் பத்திரிகை?”

முதல் இதழைப் பாடகர் குழு சர்ச் வாசலில் விநியோகித்தது. பக்கத்தில் நெற்றியில் திருநீறோடு ஆசிரியரும் நின்று கொடுத்தார். வாங்கியவர்கள் அங்கேயே பிரித்துப் படித்தார்கள். ஆசிரியரும் ஓர் இதழைப் பிரித்தார்; கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தார். வாசகர் பகுதிக்கு ‘உங்கள் சிந்தனை’ என்று தலைப்பிட்டு, அதன் ‘னை’யில் அவருடைய யாளியை அப்படியே பொருத்தியிருந்தார் டீச்சர். அச்சாகி வந்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை.

“சர்க்கஸ் இங்க வந்துடுச்சா?” என்றார் ஆசிரியர்.

அந்த இருவருக்கும் நடுவில் உட்காரக் கிடைத்ததை என் நல்லூழ் என்றே எண்ணுகிறேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பத்திரிகையின் மற்ற ‘னை’களெல்லாம் மெல்ல மெல்லப் புது உருவுக்கு மாறின. கடைசிப் பக்கத்து யாளியை மட்டும் டீச்சர் மாற்றவிடவில்லை.