காலிப் பெட்டியும் கைக்குட்டையும்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு... ஜெர்மனியில் தொலைந்து போயிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே!

மகள் பிருந்தாவுக்குப் பட்டமளிப்பு விழா. நானும் மனைவி வசந்தாவும் பக்கத்து நகரத்தில் ஓட்டலில் தங்கியிருந்தோம். காலையில் அவளிடமிருந்து போன்.

“அப்பா, பேசாம டாக்சி எடுத்துக்கோங்க. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திட்டா, அப்புறம் யாரையும் உள்ள விடமாட்டாங்க.”

“ஆபீஸ் நேரத்துல சியால்தா ஸ்டேஷன்ல ஏறி இறங்கினவன்மா நான். உங்க ஊர் ரயிலெல்லாம் எனக்கு டிராம் மாதிரி.”

“சரி, அப்ப முன்பக்கப் பெட்டியில ஏறுங்க. ப்ளீஸ் பாபா!”

கல்கத்தாவில் வளர்ந்தவள்; கெஞ்சும்போது மட்டும் வங்காளம் வந்துவிடும்.

ஸ்டேஷனுக்குப் போனால், முன்பக்கத்தில் கூட்டம். பின்பக்கமோ ஈயாடுகிறது! எங்கள் பெஹாலா பஸ்ஸில் கண்டக்டர் ஓயாமல் கத்துவார்: “பிச்சோன் திகே எகியே ஜான்!” அதாவது, பின்பக்கமாக முன்னேறுங்கள்! பின்னால் போவதைக்கூட முன்னேற்றம் என்று கௌரவமாகச் சொல்லும் ஊர் வேறு உண்டா? அந்தக் குரலுக்கே பழகிய கால் — முன்னேறிவிட்டது.

“ஏங்க, அவ முன்னாடின்னுதானே சொன்னா?” என்றாள் வசந்தா.

“எல்லாம் ஒரே வண்டிதானே? பின்பெட்டி மட்டும் தனியா வேற ஊருக்கா போயிடும்?”

போனது.

அதற்கு முன் இன்னொரு கூத்து. பெட்டிக்குள் பாய்ந்து, ஜன்னலோர சீட்டில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தேன். யாரிடமிருந்து? பெட்டியில் இருந்ததே ஒரே ஒரு அம்மாள்தான். அவர் எழுந்து வந்து, கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பதுபோல அதை மரியாதையாக என் கையில் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நடுவில் ஒரு ஜங்ஷனில் வண்டி நின்றது. ஜெர்மனில் ஏதோ அறிவிப்பு. மறுபடி கிளம்பியதும் மலை, பசு, தேவாலயம் என்று வசந்தாவுக்கு நான் காட்டிக்கொண்டே வர, அவள் சந்தேகப்பட்டு அந்த அம்மாளிடம் போனில் ஊர்ப் பெயரைக் காட்டினாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்; பிறகு சைகையில் விளக்கினார். ஜங்ஷனில் வண்டி இரண்டாகப் பிரிந்து, முன்பாதி மகள் ஊருக்குப் போய்விட்டதாம். எங்கள் பாதி ஏதோ ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது!

“டாட்டர்... டிகிரி...” என்பதற்குள் வசந்தாவின் கண் நிறைந்துவிட்டது.

அந்த அம்மாள் தன் ஸ்டேஷனில் எங்களையும் இறக்கி, வாசலில் நிறுத்தியிருந்த தன் காரில் ஏற்றி, மகள் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் கொடுத்தார். காரில் அவர் ஜெர்மனில் பேச, வசந்தா தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னிடம் மட்டும் எந்த மொழியிலும் பேசவில்லை.

பஸ்ஸில் நான் கல்கத்தா வழக்கப்படி, இறங்கும் இடத்துக்கு வெகு முன்பே எழுந்து வாசலில் நின்றுகொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உட்காரச் சொன்னார். நான் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

இறங்கி ஓடினோம். கதவில் கை வைத்திருந்த ஆள் எங்களைப் பார்த்து, கடைசி நொடியில் உள்ளே விட்டார். ஹால் நிரம்பி வழிந்தது. சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே உட்காருவது?

மூன்றாவது வரிசையின் நடுவில் மட்டும் இரண்டு நாற்காலிகள் காலி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு துப்பட்டா விரித்திருந்தது. போன துர்கா பூஜைக்குக் கரியாஹாட் கடைத்தெருவில் பிருந்தாவுக்குப் பேரம் பேசி வாங்கியது!

“அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கு,” என்றாள் வசந்தா. அன்று என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை.

மேடையோரம் கறுப்பு அங்கியில் நின்ற பிருந்தா எங்களைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் முறைச்சாங்கப்பா,” என்றாள் விழா முடிந்ததும். “ஆனா ஒருத்தர்கூட எடுக்கல.”

ஆக, துணி போட்டு இடம் பிடிக்கிற சட்டம் ஜெர்மனியிலும் செல்லும். எந்தப் பெட்டியில் போடுவது என்பதை மட்டும்... மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.