அறுபத்திரண்டாம் எண்ணுக்கு வந்த பந்து

ரொக்ஸ்பரோவில் ரயிலைத் தவறவிட்டு, பக்கத்துப் பள்ளி மைதானத்தில், கையால் ஆடும் அந்த அமெரிக்க ஃபுட்பாலைப் பார்க்கிறேன். எனக்கு எல்பிடபிள்யூவே இன்னும் புரிந்தபாடில்லை.

வேலியருகே வீடியோ காமிராவுடன் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். "அறுபத்திரண்டாம் நம்பர் என்ர மகன். எல்லா மட்சுக்கும் மனிசிதான் வாறவ. இப்ப ஆஸ்பத்திரியில. இனி வீட்டை வரமாட்டா எண்டிட்டினம். அவவுக்குக் காட்டத்தான் எடுக்கிறன்," என்கிறார்.

முன்னோக்கி எறிந்த பந்து அவன் அணியிலேயே யார் மீதோ பட்டு அறுபத்திரண்டின் கைக்கு வருகிறது. அவன் நெஞ்சோடு அணைத்து ஓடுகிறான். இருவரும் கத்துகிறோம். விதி தெரியாததால் நான் கூடுதலாகவே கத்துகிறேன். நடுவர் விசில் ஊதுகிறார், பந்து செல்லாதாம்.

இடைவேளையில் பையன் வேலியருகே வருகிறான். "ஸிக்ஸ்டி டூ நம்பர் போட்டவன் பாஸ் பிடிக்கேலாது அப்பா. லைன்ல நிண்டு மறிக்கிறதுதான் என்ர வேலை."

"பரவாயில்லை. வீடியோவை விசிலுக்கு முன்னம் வெட்டிப்போட்டு அம்மாவுக்குக் காட்டுவம்."

"அம்மாவுக்கு ரூல் தெரியும்."

அவர் காமிராவை மூடுகிறார். "நீ பந்து பிடிக்கமாட்டாய் எண்டு தெரிஞ்சுகொண்டோ இந்தக் குளிருக்குள்ள வந்து நிண்டவ?"

"ஓம்," என்கிறான் பையன். "என்னைப் பாக்க வந்தவ."