மயில் கழுத்து நிறத்தைப் பிடிக்கப் பட்ட பாடு

பட்டுச் சேலையைப் படம் எடுப்பதும் கைக்குழந்தையைப் படம் எடுப்பதும் ஒன்றுதான்; நாம் தயாராகும்போது அது தயாராக இருக்காது. ஆரணியில் இதுதான் என் பிழைப்பு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஆள் வருவது குறைந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நெசவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டு விசேஷத்தைப் போனில் எடுத்துவிட்டு, "இதையா நாம் பார்த்தோம்?" என்று நொந்துகொள்ளும் ஆளா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

கவர்

அன்று காலை சேவூரிலிருந்து கோமதி போன் செய்தாள். கணவர் தனசேகர் நெய்வார், இவள் வாட்ஸ்அப்பில் விற்பாள். கலசப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, பெங்களூரில் வேலை, தன் முகூர்த்தச் சேலையை மயில் கழுத்து நிறத்தில் கேட்டிருந்தாள். நீளவாட்டில் ஓடும் பாவு பச்சை, குறுக்கே ஓடும் ஊடை நீலம் என்று தனசேகர் அழகாக நெய்து முடித்துவிட்டார். கோமதி எடுத்து அனுப்பிய படத்திலோ அது வெறும் நீலமாக விழுந்துவிட்டது. வீடியோ காலில் காட்டினால் கறுப்பாகத் தெரிந்ததாம். "சாயந்தரத்துக்குள்ள சரியான போட்டோ வரலன்னா வேற கடையில எடுத்துக்கறோம்" என்று பெண் சொல்லிவிட்டாள். அந்தச் சேலை போனால் கல்யாண ஜவுளி மொத்தமும் போய்விடும்.

வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். சேலை பளபளவென்று பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. இப்படியே எடுத்தால் சேலைக்கு நடுவில் ஜன்னலும் என் மூக்கும்தான் தெரியும். கண்ணாடி, பிளாஸ்டிக், லேமினேஷன் எதுவாக இருந்தாலும் முதலில் அதைக் கழற்றுங்கள் என்று உங்களுக்குச் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். கோமதிக்கு மனசே வரவில்லை.

"கவரோட இருந்தாதானேக்கா புதுசுன்னு நம்புவாங்க?"

மாடி வெயில்

தறி இருக்கும் அறையில் டியூப்லைட் எரிந்தது. வாசல் வழியாக வெயிலும் வந்தது. இரண்டு வகை வெளிச்சம் ஒரே துணியில் விழுந்தால் போன் பாவம், எதை நம்புவது என்று தெரியாமல் ஏதோ ஒரு நிறத்தைப் போட்டுவிடும். நான் விளக்கை அணைத்தேன். கோமதி போட்டாள். மறுபடி அணைத்தேன்.

இந்த இழுபறியைப் பார்த்துப் பொறுமை போன தனசேகர் சேலையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். வெயில் நேராக அடித்ததில் ஜரிகை தகரம் மாதிரி வெளுத்துப்போனது. கீழே வாருங்கள், வாசற்படிக்கு உள்ளே நிழலில் வைத்து எடுப்போம், வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் போதும் என்றேன். வானத்தில் மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயிலும் வாணாம், லைட்டும் வாணாம்னா இன்னாதாங்க வேணும் உங்களுக்கு?"

அழகு

படம் உடனே போக வேண்டும் என்பதால் கோமதியின் போனிலேயே எடுக்கலாம் என்று அதை வாங்கிப் பார்த்தேன். லென்ஸில் தோசைக்கல் எண்ணெய். அதைத் துடைத்தேன். செட்டிங்ஸைத் திறந்தால், முகத்தை வெளுப்பாக்கும் அழகு மோடு முழுசாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆளுக்குப் போட்ட மாவைச் சேலைக்கும் பூசியிருக்கிறது அந்தப் போன். அதை நிறுத்தினேன். கோமதி முகம் வாடிவிட்டது.

"அத்த எடுத்துட்டா நான் ஸ்டேட்டஸ்ல எப்படிக்கா இருப்பேன்?"

யார் மேல் போடுவது?

எல்லாம் சரி செய்தும் பாய்மேல் மடித்து வைத்த சேலை ஒரே நிறமாகத்தான் இருந்தது. இந்தப் பட்டு அப்படி. தட்டையாகக் கிடந்தால் ஊடை மட்டும் தெரியும். கொசுவம் விழுந்து, மேடும் பள்ளமுமாக நின்றால்தான் பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடும். நீங்களும் துணியை எடுப்பதாக இருந்தால் படுக்கப் போடாதீர்கள்.

"கோமதி, கொஞ்சம் தோளில் போட்டுக்கொண்டு நில்" என்றேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். முகூர்த்தச் சேலை மணப்பெண்ணுக்கு முன்னால் இன்னொரு பெண் உடம்பில் ஏறக்கூடாது. எனக்கு உறைத்தது, நானும் போட்டுக்கொள்ள முடியாது. கயிற்றில் தொங்கவிட்டால் அழுத்தக்கோடு விழும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெங்களூர்ப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. கோமதி அழும் நிலைக்கு வந்துவிட்டாள். தனசேகர் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"ஆம்பள மேல போட்டா கட்னதா ஆவாது, ஜல்தியா எடுங்க."

பதில்

அவர் தோளில் முந்தி விரிந்தது. விரல்களால் கொசுவம் பிடித்துக்கொண்டார், பழகினவர் மாதிரி. பச்சையும் நீலமும் கூடவே எழுந்து வந்தன. போன் திரையில் சேலைமேல் விரலை வைத்து ஃபோகஸ் செய்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன். நேரில் கண்டது அப்படியே படத்தில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கோமதி அவசரத்தில் முழுப் படத்தையும் அனுப்பிவிட்டாள். மீசையும் வியர்வையுமாகத் தனசேகர், முகத்தில் உலகத்துக் கவலை எல்லாம்.

நாங்கள் மூவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். தனசேகர் சேலையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட மறந்துவிட்டார். பிறகு பெண்ணே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள், முடிக்கும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

"இதே கலர்தாங்க நான் கேட்டது, மத்த சேலையும் நீங்களே நெய்ஞ்சு குடுத்துடுங்க, அண்ணன மட்டும் கொஞ்சம் உக்காந்து தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

பச்சையும் நீலமும் பிசகாமல் விழுந்ததற்காக ஊரெல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள், ஆனால் அந்தப் பெண் சரி சொன்னது நிறத்துக்கா முகத்துக்கா என்ற கேள்வி இன்றுவரை என்னை உட்காரவிடவில்லை.