சிவப்பு ஒயினும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும்

மலேசியாவின் கூலிம் நகரில், என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் விருந்தில் நடந்த அதிர்ஷ்டக் குலுக்கலில் அவருக்கு ஒரு போத்தல் சிவப்பு ஒயின் விழுந்தது. பல வகைத் திராட்சைகளைக் கலந்து செய்த காட்டமான ரகம். ஆட்டிறைச்சிக்குப் பொருந்தும் என்று போத்தலிலேயே போட்டிருந்தது.

கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, எங்களோடு பேசாமலிருந்த பக்கத்து வீட்டு அண்ணனை இன்று மதியம் சமாதான விருந்துக்கு அழைத்தோம். நான் பிரட்டல் செய்தேன்.

ஒயினை ஒரு மிடறு குடித்ததுமே அண்ணன் முகம் கோணியது.

"என்ன தம்பி, கசாயத்த குடுக்குற? இன்னும் கோவம் போகலையா?"

கணவர் பதறிவிட்டார். "ஐயோ, கறியோட சேத்துக் குடிங்க அண்ணே!"

அண்ணன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மறுபடி குடித்தார்.

"இப்போ பெஸ்ட் லா!"

சண்டை தீர்ந்தது. போத்தலும் கறிச்சட்டியும் காலி. சமைத்த எனக்கு முட்டைப் பொரியல்தான்.

முட்டைக்கு எந்த ஒயின் பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.